அரக்குச் சேலை ஏன் ரோஸ் ஆனது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: கேமராவில் எடுத்த ரா ஃபைலை எப்படி ஜேபெக் ஆக்கிப் பிரிண்டுக்குக் கொடுப்பது? நான் 1994-இல் பாளையங்கோட்டையில் ஒரு கலர் லேபில் நெகட்டிவ் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தவள். இன்றும் இதே ஊரில், பிரிண்டுக்கு வருகிற படங்களின் நிறம் பார்க்கிற வேலைதான். அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் அக்கா கல்யாணத்துக்கு நண்பனிடம் கேமரா வாங்கி நானே படம் எடுத்தேன். ரா-வில் எடுத்தால்தான் நல்லது என்று அவன் சொன்னதால் 640 படமும் ரா. பென் டிரைவில் போட்டு லேபுக்குக் கொண்டுபோனால், "சிஆர்3 எல்லாம் இங்கே திறக்காது தம்பி, ஜேபெக் ஆக்கிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஃபைல் பெயரின் கடைசியில் சிஆர்3 என்பதை அழித்துவிட்டு ஜேபிஜி என்று போட்டுப் பார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை. படம் கெட்டுப்போய்விட்டதா அக்கா?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: தம்பி, படம் ஒன்றும் கெடவில்லை. பெயரைப் பழையபடி சிஆர்3 என்றே மாற்றிவிடுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் 640 படத்தையும் இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்து வையுங்கள். ஒரு கல்யாணத்தை ஒரே பென் டிரைவை நம்பி விட்டுவைக்கக் கூடாது.

பெயரை மாற்றியும் ஏன் திறக்கவில்லை என்றால், அரிசிப் பானைமேல் 'சோறு' என்று எழுதி ஒட்டினால் அரிசி வெந்துவிடாது. ரா ஃபைல் என்பது இன்னும் படம் ஆகாத படம். 24 மெகாபிக்சல் கேமராவின் சென்சாரில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒரு நிற வடிகட்டி மட்டும்தான் இருக்கும். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் உண்டாக்கிய அமைப்பு இது. 1976-இல் காப்புரிமை பெற்றது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் அதுதான். உங்கள் அக்கா சேலையின் சிவப்பு விழுந்த புள்ளி, தனக்கு எவ்வளவு வெளிச்சம் வந்தது என்று ஓர் எண்ணை மட்டும் எழுதி வைக்கிறது. மற்ற இரண்டு நிறத்தையும் பக்கத்துப் புள்ளிகளிடம் கேட்டு நிரப்ப வேண்டும். எது வெள்ளை என்று முடிவு செய்ய வேண்டும். இருட்டையும் வெளிச்சத்தையும் சீராக்க வேண்டும். இவ்வளவையும் கேமராவே செய்து முடித்துக் கையில் கொடுத்தால் ஜேபெக். எண்களை அப்படியே கட்டிக் கொடுத்தால் ரா. அந்தக் காலத்து நெகட்டிவ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை, ஆனால் நல்ல பிரிண்ட் அதிலிருந்துதான் பிறக்கும்.

"கேமராவின் பின்பக்கம் படம் நன்றாகத்தானே தெரிந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். ரா ஃபைலுக்கு உள்ளேயே கேமரா ஒரு ஜேபெக்கை ஒட்டி வைத்திருக்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான். சில இலவச மாற்றிகள் ரா-வைத் திறக்கிற சிரமமே படாமல் உள்ளே இருக்கிற ஒரு சின்னப் படத்தை உருவிக் கொடுத்துவிடும். மாற்றிய பிறகு பிக்சல் அளவைப் பாருங்கள். 6000க்கு 4000 இருக்க வேண்டிய படம் 1620க்கு 1080 என்று காட்டினால் உங்களுக்குக் கிடைத்தது அந்த ஒட்டுப் படம்.

சிஆர்3 என்பது கேனான் கேமராவின் ரா வகை என்பதால் அந்தக் கம்பெனியே இலவசமாகக் கொடுக்கிற டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனலை இறக்கிக்கொள்ளுங்கள். கேமராவின் அடியில் இருக்கிற சீரியல் எண்ணைக் கேட்டால் நண்பனிடம் வாங்கிப் போடுங்கள். நிக்கான் என்றால் என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனி என்றால் இமேஜிங் எட்ஜ். எந்தக் கம்பெனி கேமராவானாலும் ராதெரபி, டார்க்டேபிள் இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். சிஆர்3 வகை வந்தது 2018-இல். அதற்கு முந்தைய ஃபோட்டோஷாப் வைத்திருக்கிற லேபில் அது திறக்காதுதான். உங்களைத் திருப்பி அனுப்பியவர் மேல் வருத்தம் வேண்டாம்.

அப்புறம், 640 படத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளி மாற்றிவிடாதீர்கள். ஒரே வெளிச்சத்தில் எடுத்ததை எல்லாம் ஒரு கூட்டமாகப் பிரியுங்கள். மாப்பிள்ளை அழைப்பு ஒரு கூட்டம், விடியற்கால முகூர்த்தம் ஒரு கூட்டம், பந்தி ஒரு கூட்டம், ஆற்றங்கரையில் எடுத்த ஜோடிப் படம் ஒரு கூட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை மட்டும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, அந்த அமைப்பை மற்றப் படங்களுக்குக் காப்பி செய்யலாம். டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனலில் இதற்கு 'ரெசிபி' என்றே பெயர்.

சரிசெய்வதில் முதல் வேலை ஒயிட் பேலன்ஸ். துளிசொட்டி போல ஒரு குறி இருக்கும். அதை எடுத்து வெள்ளையான இடத்தில் வைத்தால் மற்ற நிறங்கள் தானாக நேராகும். இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் போய் மாப்பிள்ளை வேட்டியில் வைக்கிறார்கள். வேட்டி வெள்ளை இல்லை தம்பி. நீலம் போட்டு வெளுத்தது. சோப்புத்தூளில் இருக்கிற வெளுப்பானும் சேர்ந்து கேமராவுக்கு அதை இன்னும் நீலமாகக் காட்டும். அங்கே குறியை வைத்தால் அந்த நீலத்தைக் கழிக்கிறேன் என்று படம் முழுக்க மஞ்சள் ஏறி, பெண்ணுக்குக் காமாலை வந்தது மாதிரி ஆகிவிடும். நான் தேடுவது தாம்பாளத்தில் குவித்து வைத்திருக்கிற திருநீறு. நெற்றியில் பூசியது கூடாது, அதில் தோலின் நிறம் கலந்திருக்கும். தட்டில் இருப்பதுதான் என் அனுபவத்தில் சாம்பலுக்கும் வெள்ளைக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. திருநீறு இல்லாவிட்டால் வெள்ளையடிக்காத சிமெண்ட் தூண்.

ஆனால் எல்லாப் படத்திலும் வெள்ளையை வெள்ளையாக்கியே தீர வேண்டும் என்று இல்லை. பல வருஷம் முன்பு திருவிளக்கு பூஜைப் படம் ஒன்று என் கைக்கு வந்தது. நான் ஆட்டோ பொத்தானைத் தட்டி மஞ்சளை முழுக்க எடுத்துவிட்டேன். வாங்க வந்த அம்மா பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம்மா, இது டியூப்லைட் வெளிச்சம்லா? நாங்க நூத்தி எட்டு விளக்கு ஏத்தினோமே" என்றார். அவர் முகம் வாடியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். எண்ணெய் விளக்கின் சுடர் 2000 கெல்வின் பக்கம் இருக்கும், உச்சி வெயில் 5500. சுடருக்கு நேராக 2000 என்று வைத்தால் விளக்கு அணைந்த கோயில் மாதிரி ஆகிவிடும். 3000 பக்கம் வைத்தால் வேண்டிய மஞ்சள் மிஞ்சும். அந்தப் படத்தை எடுத்தவருக்கு விளக்கின் நிறம் ஞாபகம் இருந்திருக்கும். கோயிலுக்கே போகாத எனக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ரா-வை ஜேபெக் ஆக்குகிற வேலையை லேபில் விடாமல், கூடுமானவரை படம் எடுத்தவரே செய்ய வேண்டும் என்று யார் வந்தாலும் சொல்கிறேன். அதுவும் ஆறு மாதம் கழித்து அல்ல, கண்ணில் நிறம் நிற்கும்போதே.

எல்லாம் திருப்தியானதும் ஒரு கூட்டத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, பேட்ச் பிராசஸில் ஜேபெக் என்று கொடுங்கள். தரம் 10-க்கு 10. அளவைக் குறைக்கிற ரீசைஸ் வேண்டாம். நிறவெளி, அதாவது ஃபைலில் எந்தெந்த நிறங்களுக்கு இடம் உண்டு என்கிற வரம்பு, எஸ்ஆர்ஜிபி. தனி ஃபோல்டரில் விழட்டும். ரா ஃபைல் அதன் இடத்தில் அப்படியே இருக்கும், இதனால் அதற்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அரக்கு நிறத்தில் பட்டு எடுத்திருந்தோம். ஆல்பத்தில் அது ரோஸ் சேலையாக வந்திருக்கிறது. படம் எடுத்தவர் லேபைச் சொல்கிறார். லேபில் கேட்டால், வந்த ஃபைலே அப்படித்தான் என்கிறார்கள். திரும்பப் பிரிண்ட் போட்டால் சரியாகுமா?
– வண்ணார்பேட்டை வாசகி

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கலாம். நீங்கள் சண்டை போடாமல் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ரா ஃபைல் இருக்கிறதா? இருந்தால் சேலை திரும்பக் கிடைக்கும்.

அரக்கு ரோஸாவது இப்படி. இப்போது மண்டபத்து மேடைகளில் பின்னாலிருந்து ஊதாவும் நீலமுமாக எல்இடி அடிக்கிறார்கள். அரக்கு என்பது ஆழ்ந்த சிவப்பு. அதன்மேல் நீலம் ஏறினால் ரோஸ் பக்கம் சாயும். அடுத்ததாக, முகம் இருட்டாக இருக்கிறதென்று யாரோ படம் முழுவதையும் வெளிச்சமாக்குகிறார்கள். முகத்தோடு சேலையும் வெளுக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். சிவப்பு 255-ஐத் தொட்டுவிட்டால் அதற்குமேல் ஏற இடம் இல்லை. அப்புறம் சேலையின் மடிப்பும் கட்டமும் ஒன்றாகி, வெறும் வர்ணம் பூசியது மாதிரித் தெரியும். உங்கள் ஆல்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கொசுவத்தைப் பாருங்கள். மடிப்புக்கு நடுவே இருக்கிற நிழல்கோடு தெரிகிறதா? தெரிந்தால் இருக்கிற ஜேபெக்கிலேயே ஓரளவு மீட்கலாம். அது அழிந்திருந்தால் ஜேபெக்கால் முடியாது. 14 பிட் ரா-வில் 16,384 படிகள் இருக்கின்றன. எடுக்கும்போதே வெளிச்சம் மீறிப் போகாமல் இருந்தால், அந்தக் கோடு அங்கே இன்னும் பத்திரமாக இருக்கும்.

ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேடையில் ஊதா விளக்கும், வீடியோக்காரரின் வெள்ளை விளக்கும், மண்டபத்து மஞ்சள் பல்பும் ஒன்றாக விழுந்திருந்தால் ஒரே ஒயிட் பேலன்ஸால் மூன்றையும் நேராக்க முடியாது. சேலையைச் சரிசெய்தால் பின்சுவர் பச்சையாகும். முகத்தையும் சேலையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். 300 படத்துக்கும் கேட்காமல், முக்கியமான 20 படத்தைக் குறித்துக் கொடுத்துக் கேளுங்கள். நியாயமான கூலி கொடுத்தால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கலாம், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. மணப்பெண்ணை வெள்ளையாகக் காட்ட வேண்டும் என்று தோலை வெளுக்கிற பழக்கம் நம் பக்கத்தில் ஊறிக் கிடக்கிறது. தோல் நிறத்தில் இருப்பது முக்கால்வாசி சிவப்பும் மஞ்சளும்தான். தோலை வெளுக்க இழுத்தால் அரக்கும் மெரூனும் கூடவே வெளுக்கும். மாநிறமான பெண்ணுக்கு அரக்குப் பட்டு எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று சேலை எடுத்த உங்களுக்குத் தெரியும். அந்த எடுப்பைப் பிரிண்டிலும் கேட்டு வாங்குங்கள். "தோலைத் தொடாதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தொட்டுவிடுவார்கள்.

கேள்வி: ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரை ரத வீதியில் வைத்து எடுத்தேன். கம்ப்யூட்டரில் தேர்ச்சீலை எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பிரிண்டில் சாம்பல் பூசியது மாதிரி வருகிறது. இரண்டு லேபில் பார்த்துவிட்டேன்.
– திருநெல்வேலி டவுன் வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய ஃபைலின் பெயர் அடிக்கோட்டில் தொடங்குகிறது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கேமராவில் நிறவெளியை அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்தால், நிக்கானும் கேனானும் பெயருக்கு முன்னால் அப்படி ஒரு அடிக்கோடு போடும்.

அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது. பச்சை, மயில்கழுத்து நிறங்களுக்கு அதில் இடம் அதிகம். எஸ்ஆர்ஜிபி 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்தது. சாதாரண லேப் மெஷின்கள் பெரும்பாலும் எந்த ஃபைல் வந்தாலும் எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துத்தான் பிரிண்ட் போடும். பெரிய படியில் அளந்த நெல்லைச் சின்னப் படிக் கணக்கில் எழுதினால் குறையத்தானே செய்யும்? ரா எடுத்திருந்தால் கவலையே இல்லை. கேமராவில் வைக்கிற நிறவெளி ரா-வைக் கட்டுப்படுத்தாது. மறுபடி ஜேபெக் ஆக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுங்கள். ஜேபெக் மட்டும் இருந்தால் ஃபோட்டோஷாப்பில் 'கன்வர்ட் டு புரொஃபைல்' கொடுங்கள். பக்கத்திலேயே இருக்கிற 'அசைன் புரொஃபைல்' வேண்டாம், அது பெயரை மட்டும் மாற்றும்.

கேள்வி: 12க்கு 18 போட எத்தனை டிபிஐ வேண்டும்? என் படத்தில் 72 டிபிஐ என்று காட்டுகிறது. லேபில் 300 கேட்கிறார்கள்.
– சேரன்மகாதேவி வாசகர்

பதில்: 72 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது ஃபைலில் ஒட்டியிருக்கிற சீட்டு. எண்ண வேண்டியது பிக்சலை. அங்குலத்துக்கு 300 என்றால் 12க்கு 18-க்கு 3600க்கு 5400 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவில் 4000க்கு 6000 வருகிறது, தாராளம். அந்தப் படத்தையே வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் வெகுவாகச் சுருங்கிவிடும். டாகுமெண்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவில் கொடுங்கள்.

டிபிஐயைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது விகிதம். கேமரா எடுப்பது 3-க்கு 2. அதில் 4க்கு 6, 8க்கு 12, 12க்கு 18 மூன்றும் வெட்டுப்படாமல் உட்காரும். 8க்கு 10 கேட்டால் நீளத்தில் இரண்டு அங்குலம் போய்விடும். குடும்பப் படத்தில் அந்த இரண்டு அங்குலத்தில்தான் ஓரத்தில் நிற்கிற சித்தப்பாவின் தோள் இருக்கும். பழைய சட்டத்தில் போட 8க்கு 10 தான் வேண்டுமென்றால், எங்கே வெட்டுவது என்பதை நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். மெஷின் நடுவைப் பிடித்து இரண்டு பக்கமும் வெட்டும். அதற்குச் சித்தப்பா யாரென்று தெரியாது.

கேள்வி: கூந்தன்குளத்தில் எடுத்த மஞ்சள்மூக்கு நாரைப் படங்களில் முதுகு வெறும் வெள்ளையாக இருக்கிறது, இறகே தெரியவில்லை. ரா-வும் இருக்கிறது. பெரிதாகப் பிரிண்ட் போடலாமா?
– நாங்குநேரி வாசகி

பதில்: ரா-வைத் திறந்து வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துப் பாருங்கள். வெள்ளைக்குள் சாம்பல் வரி வரியாக இறகு எழுந்து வந்தால் போடலாம். வெளிச்சம் மீறினால் சென்சாரில் முதலில் நிரம்புவது பெரும்பாலும் பச்சைப் புள்ளிகள். சிவப்போ நீலமோ நிரம்பாமல் இருந்தால் மென்பொருள் அதை வைத்து மீட்டுக் கொடுத்துவிடும். மூன்றும் நிரம்பியிருந்தால் வெள்ளை அப்படியே சாம்பலாக மாறுமே தவிர இறகு வராது. அப்படிப்பட்ட படத்தைப் பெரிதாகப் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம். அந்த ஊரில் பறவைகள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகின்றன, அடுத்த பருவத்தில் திரும்ப வரும். காலை எட்டு மணிக்குள் போய், எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து எடுங்கள். ரோஸ் இறகும் தனியாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு ஒரு மலர் போடுகிறோம். சிவகாசியில் அச்சகத்தில் படங்களை டிஃப், சிஎம்ஒய்கே என்று கேட்கிறார்கள். லேபுக்கு ஜேபெக், அச்சகத்துக்கு டிஃப், ஏன் இப்படி?
– முக்கூடல் வாசகர்

பதில்: லேப் மெஷின் சிவப்பு, பச்சை, நீல ஒளியைப் ஃபோட்டோ பேப்பரில் பாய்ச்சிப் படம் வரைகிறது. அதற்கு ஆர்ஜிபி வேண்டும். அச்சகத்தில் நான்கு மை: சயான் என்கிற பச்சை கலந்த நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. அதற்கு சிஎம்ஒய்கே. டிஃப் கேட்பது, ஜேபெக் மாதிரி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தரம் குறையாது என்பதால்தான். 24 மெகாபிக்சல் படம் 8 பிட் டிஃப் ஆக 72 எம்பி இருக்கும், 16 பிட் என்றால் இரட்டிப்பு. அச்சுக்கு 8 பிட் போதும்.

சிஎம்ஒய்கே ஆக்குகிற வேலையை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். எந்தக் காகிதம், எந்த மெஷின் என்பதைப் பொறுத்து அது மாறும். ரா-விலிருந்து ஆர்ஜிபி டிஃப் எடுத்து, புரொஃபைலை உள்ளேயே வைத்துக் கொடுத்து, மாற்றுவதை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சாமக்கொடையில் சாமியாடி பந்தத்தோடு நிற்கிற படம் இருந்தால், அந்தத் தீயின் ஆரஞ்சு திரையில் தெரிகிற அளவுக்கு மையில் வராது. மாதிரித் தாள் ஒன்று கேட்டு வாங்கி, ஊர்ப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். அச்சான பிறகு வருத்தம் வராது.

கேள்வி: ஜேபெக் ஆக்கிய பிறகு ரா ஃபைல்களை அழித்துவிடலாமா? டிஸ்க் நிறைந்துவிட்டது.
– வீரவநல்லூர் வாசகர்

பதில்: அழிக்காதீர்கள். ஏன் என்று ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஈர ஆல்பம். ஃபோட்டோ பேப்பரின் மேல்தோல் ஜெலட்டின், அது ஊறினால் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் முகம் முகமாக உரிந்து வரும். நல்ல தண்ணீரில் மெதுவாக ஊறவைத்துப் பிரித்து, நிழலில் முகம் மேலே பார்க்கப் போட்டு, முடிந்தவரை காப்பாற்றினோம்.

பொங்கல் சமயத்தில் ஒரு குடும்பம் வந்தது. மகன் கல்யாண ஆல்பம் மொத்தமும் போய்விட்டது. அதில் அவர்கள் தேடியது ஒரே முகத்தை, அந்த வருஷம் காலமான ஆச்சியின் முகத்தை. மாலை போட்டு மாட்ட வீட்டில் வேறு படம் இல்லை. படம் எடுத்த ஸ்டூடியோவில் ரா-வையும் தனிப் படங்களையும் எப்போதோ அழித்துவிட்டார்கள். ஆல்பத்துக்காக வடிவமைத்த 12க்கு 36 ஷீட்டுகள் மட்டும் இருந்தன. ஒரு ஷீட்டில் ஆச்சி இருந்தார். முகம் அரை அங்குலம், அதாவது 150 பிக்சல். அதை எவ்வளவு இழுத்தாலும் பெரிதாகுமே தவிர ஆச்சி வரமாட்டார்.

அப்புறம்தான் மாப்பிள்ளையின் தம்பி ஞாபகம் வந்து சொன்னார், அவரும் ஒரு கேமராவில் எடுத்திருந்தாராம். அந்த ரா ஃபைல்கள் சென்னையில் ஒரு டிஸ்கில் கிடந்தன. ஆச்சி பந்திக் கூடத்து வாசலில் இன்னும் மூன்று பேரோடு நிற்கிற படம். முகம் 600 பிக்சல் இருந்தது. 300 டிபிஐ-யில் இரண்டு அங்குலம், 8க்கு 12 சட்டத்துக்கு அதுவே போதும். ஆனால் வாசல் வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகத்தில் பாதி இருட்டு. ரா-வைத் திறந்து நிழலை மெல்ல மெல்லத் தூக்கினேன். கன்னத்துச் சுருக்கம் வந்தது. கழுத்துப் பக்கம் கறுப்பாகக் கிடந்த இடத்திலிருந்து காது வந்தது, தோளைத் தொடுகிற பாம்படம் வந்தது, அதன் ஒவ்வொரு உருண்டையும் தகடும் தனித்தனியாக. பக்கத்தில் நின்ற மருமகள், "அத்தை பாம்படத்தைக் கழட்டவே மாட்டாவ" என்று சொல்லி அழுதுவிட்டார். அது ஜேபெக்காக மட்டும் இருந்திருந்தால், அந்தக் கறுப்பு கறுப்பாகவே இருந்திருக்கும்.

ஒரு ரா ஃபைல் 30 எம்பி என்று வைத்தாலும் 1 டிபி டிஸ்கில் 30,000-க்கு மேல் கொள்ளும். கண் மூடிய படம், ஆடிய படம் எல்லாவற்றையும் தாராளமாக அழியுங்கள். மீதியை இரண்டு டிஸ்கில் வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில், மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும். நனைந்த டிஸ்க் கையில் இருந்தால் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். அப்படியே மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஐஃபோன் படத்தை லேபில் திறக்க முடியவில்லை. அதுவும் ரா-வா?
– பத்தமடை வாசகி

பதில்: பெரும்பாலும் அது எச்இஐசி, 2017-இலிருந்து வருகிற சுருக்க வகை. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்தால் இனி எடுப்பது ஜேபெக்காக வரும்.

கேள்வி: ராதெரபியில் பார்த்துப் பார்த்து மாற்றிக் கொடுத்தேன். பிரிண்ட் இருட்டாக வருகிறது. மொத்தப் படத்தையும் கொடுப்பதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது?
– பேட்டை வாசகர்

பதில்: உங்கள் திரை வெளிச்சம் அதிகம். புதிய மானிட்டரும் லேப்டாப்பும் முழு வெளிச்சத்தில்தான் வருகின்றன. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவு தெரிகிற வரைக்கும் திரையைக் குறைத்துக்கொண்டு, அப்புறம் படத்தைச் சரிசெய்யுங்கள்.

மொத்தமாகக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கூட்டத்துக்கு ஒரு படம் எடுத்து, இப்போது இருப்பது போல ஒன்று, கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று, இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று என்று மூன்று ஜேபெக் செய்து, 4க்கு 6-இல் போட்டு வாங்குங்கள். செலவு சொற்பம். கொடுக்கும்போது "கரெக்‌ஷன் வேண்டாம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மெஷினில் இருப்பவர் மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவார், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வாங்கினதும் கடை விளக்கில் பார்க்காமல் வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். மூன்றில் எது சரியோ அந்த அளவில் மீதி எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

வண்ணார்பேட்டைக்காரரும் இதைச் செய்யலாம். சோதனைப் பிரிண்ட் வாங்கப் போகும்போது மகளின் அரக்குப் பட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஜன்னலோரம் முந்தானையை மட்டும் பிரித்து வைத்து, லேபில் இருப்பவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.